சும்மா இருந்த நேரம்: பூச்சியம்

பௌர்ணமிப் போயா லீவு நாளில் ரிஷாத்தின் மடிக்கணினித் திரையில் பதினொரு கடைப் பெயர்களும் சாம்பல் நிறமாகக் கிடக்க வேண்டும். கடைகளுக்குப் பூட்டு, கணினிகள் அணைந்து நூர்ந்திருக்கும், கண்காணிக்க ஆளிருக்காது. அன்று பத்துப் பெயர்கள்தாம் சாம்பலாகக் கிடந்தன. பதினோராவது பச்சையாக இருந்தது.

ஹிஸ்புல்லா கருவாட்டுக் கம்பனி. பணியில் இருப்பவர்: மக்தலேனா. சும்மா இருந்த நேரம்: பூச்சியம்.

மக்தலேனாவை அடக்கம் செய்து இருபத்திரண்டு நாளாகிவிட்டது.

ரிஷாத்துக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கனமூலையில் தன் வீட்டு முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன், பகல் சோற்றின் மயக்கத்தோடு அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்து உதட்டைச் சுழித்தான். எவனோ ஏமாற்றுகிறான். மவுஸை ஆள் இல்லாமலேயே அசைத்துக்கொண்டிருக்கும் சின்னக் கருவி ஒன்று கொழும்பில் விற்பனைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான். அது கற்பிட்டி வரை வந்துவிட்டால் அவனுடைய வியாபாரம் மண்தான்.

வியாபாரம் என்பது ‘கண்மணி’. எங்கோ வெளிநாட்டில் எவனோ செய்த மலிவான மென்பொருள். ரிஷாத் அதன் பெயரை மாற்றி, நிறத்தை மாற்றி, தமிழிலும் சிங்களத்திலும் நாலு சொல் ஒட்டி, புத்தளத்திலிருந்து சிலாபம் வரை விற்றுக்கொண்டிருந்தான். பெரிய கம்பனிகளிடம் பெரிய மென்பொருள் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தனிப் பிரிவும் இருக்கிறது. ஒரு கணினியும் ஒரு பெட்டையும் வைத்திருக்கும் முதலாளியிடம் என்ன இருக்கிறது? சந்தேகம் இருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்கு ஒரு திரையைப் பொருத்திக் கொடுப்பதுதான் அவன் தொழில்.

அந்த முதலாளிகளை அவன் மனதார வெறுத்தான். மருந்துக்கடை வைத்திருந்த ஒருவருக்குக் கணினியைப் போடத் தெரியாது, ஆனால் கடையில் வேலை செய்யும் இரண்டு பிள்ளைகளின் திரைகளைத் தொழுகைக்குப் போகும் வழியிலும் போனில் பார்த்துக்கொண்டு போவார். முன்னேஸ்வரத்தில் பூசைச் சாமான் விற்கிறவர் மனைவியின் தம்பி ஒருவனைக் கண்காணிப்பதற்காகவே வாங்கினார். மாதம் ஒரு தடவை ரிஷாத்தை அழைத்து, அந்த இளைஞன் ஆறு நிமிடம் கிரிக்கெட் பார்த்ததை ஏதோ கொலையைத் துப்புத் துலக்கியவர் போல விவரிப்பார். ரிஷாத் தலையாட்டுவான். வெளியே வந்து சிரிப்பான். கண்காணிக்கப்படுகிறவர்களையும் அவன் மதித்ததில்லை. ஒரு மவுஸைத் தட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கதிரையில் இருக்கச் சம்மதிக்கிறவர்களுக்கு இதுவே அதிகம் என்று நினைப்பான்.

ஹிஸ்புல்லா ஹாஜியார்தான் எச்சரிக்கை மணி ஒன்று வேண்டும் என்று கேட்டவர். “படம் எடுக்குது, எழுத்தெல்லாம் பதியுது, எல்லாம் சரி ரிஷாத். ஆனா அந்தப் புள்ள சும்மா இருந்தா எனக்கு உடனே தெரியோணும். அவளுக்கும் தெரியோணும்” என்றார். ரிஷாத் செய்து கொடுத்தான். இரண்டு நிமிடம் விசையோ மவுஸோ அசையாவிட்டால் கணினி பள்ளிக்கூட மணி போல அலறும். திரைக்கு மேலிருக்கும் கெமரா, கதிரையில் இருப்பவரைப் படமெடுத்து முதலாளிக்கும் ரிஷாத்துக்கும் அனுப்பும். பள்ளிக்கூட மணியின் ஓசையை ரிஷாத்தே தேடி எடுத்தான். நாற்பது வயது மனுஷியான மக்தலேனா அந்தச் சத்தத்துக்குப் பதறி நிமிர்வதை முதல் நாள் பார்த்தபோது ஹாஜியாரும் அவனும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஒரு மாதம் கழித்து மக்தலேனா அவனுக்குப் போன் எடுத்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

“தம்பி, அந்த மணியைக் கொஞ்சம் அஞ்சு நிமிசமாக்கி விடுவீங்களோ? எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அடிக்கடி எழும்பிப் போக வேணும். போனா மணி அடிக்குது, சாமான் ஏத்துற பொடியங்கள் எல்லாரும் திரும்பிப் பாக்கிறாங்கள்.”

“முதலாளிக்கிட்ட கேளுங்க” என்று சொல்லி வைத்துவிட்டான். பிறகு அதைப் பகிடியாக ஹாஜியாரிடம் சொன்னான். ஹாஜியார் அடுத்த நாளே கதிரையை விட்டு எழும்புவதற்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டார், காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை.

அவள் கதிரையிலேயே செத்துப்போனாள். பின்னேரம் ஐந்தரைக்குக் கதவு பூட்ட வந்த தங்கைதான் கண்டாள். நேராக நிமிர்ந்து, வலது கை மவுஸில், கண் திரையில். பகல் பன்னிரண்டரைக்கும் ஒரு மணிக்கும் இடையில் உயிர் போயிருக்கும் என்றார் டொக்டர். கண்மணியின் அறிக்கையிலோ ஐந்தரை வரை ஒரு நிமிடம்கூடச் சும்மா இருந்ததாக இல்லை. டொக்டர் பிழையாகச் சொல்லியிருக்கிறார் என்று ரிஷாத் முடிவு செய்தான். அந்த அறிக்கையில் பெயரை மட்டும் அழித்து, புதிய வாடிக்கையாளர்களிடம் காட்டுவதற்கு எடுத்து வைத்துக்கொண்டான். அவ்வளவு சுத்தமான அறிக்கை அதற்கு முன் அவனுக்குக் கிடைத்ததில்லை.

இப்போது பச்சைப் புள்ளியைப் பார்த்தபடியே ஹாஜியாருக்குப் போன் எடுத்தான். அவர் கொழும்பில் மகள் வீட்டில் இருந்தார்.

“ஹாஜியார், உங்கட ஒஃபிஸ்ல இப்ப ஆரு வேல செய்யிற?”

“ஆருமில்லையே. அந்தப் புள்ள மௌத்தாப் போனதுக்குப் பொறகு நான் ஆள் எடுக்கல்ல.”

“கொம்பியூட்டர்ல ஆரோ இருக்காங்க.”

ஹாஜியார் கேட்டார். “காலையில எத்தின மணிக்கி வந்தீக்கி?”

ரிஷாத் பதிவைப் பின்னோக்கி உருட்டினான். “இண்டைக்கி வரல்ல. போன வியாழக்கிழம பின்னேரம் ரெண்டு பத்துக்கு வந்தது. அதுக்குப் பொறகு போகவே இல்ல.”

“போகவே இல்லையா?” அவர் குரலில் இருந்தது பயமல்ல, வியப்பு. “சரி சரி, போய்ப் பாருங்க. என்ட சாமான ஆரோ பாவிக்கிறான். இதப் புடிக்கத்தானே உங்கள வச்சிருக்கேன்.”

மோட்டார் சைக்கிளை எடுத்தான். பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பியதும் சோளகக் காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. உப்பளங்களின் மேல் வெயில் வெள்ளைத் தகடாகக் கிடந்தது, நுரைச்சோலைக்கு அப்பால் காற்றாலைகள் ஒரே சீராக, ஒன்றுக்கும் அவசரமில்லாததுபோலச் சுழன்றன. வழி நெடுக அவன் ஹாஜியாரை ஏசிக்கொண்டு போனான். கண்டக்குழிக்குத் திரும்பும் இடத்தில் கருவாட்டு வாடை ஒரு சுவர் போல எதிரில் நின்றது.

மக்தலேனாவின் தங்கை றோசலின் கருவாட்டு ஸ்டோருக்கு முன்னாலிருந்த மணல் வெளியில் பாய்களில் பரப்பிய மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். திறப்புச் சாவி அவளிடம்தான். அவனைக் கண்டதும் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு எழும்பினாள்.

“உள்ளுக்கு ஆர் வந்து போற?” என்று கேட்டான்.

“ஒருத்தரும் இல்லைத் தம்பி. திறப்பு என்ர இடுப்பிலதான் கிடக்கு.”

“கொம்பியூட்டர ஏன் நூக்கல்ல?”

“முதலாளி நூக்க வேணாமெண்டவர். கண்மணி நிண்டிடுமாம்.” அந்தப் பெயரை ஏதோ கெட்ட வார்த்தை போலச் சொன்னாள். “அக்கா போன நாள் தொடக்கம் அந்த மணி அடிச்சுக்கொண்டே கிடந்தது. ராவும் பகலும். ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா. எங்கட வீடு உந்தப் பக்கம்தானே, நித்திரை கொள்ள ஏலாது. பிறகு போன வியாழக்கிழமை பின்னேரம் டக்கெண்டு நிண்டிட்டுது.”

“நல்லதுதானே.”

றோசலின் அவனையே பார்த்தாள். “என்னெண்டு நிண்டது தம்பி? ஆரும் தொட்டாத்தானே அது நிக்கும்?”

மணி இரண்டு கிழமை, பதினாலு பதினைந்து நாள், அடித்ததென்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு படம் வந்திருக்கும். அந்த அறிவிப்புகளை ரிஷாத் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தான். பதினொரு கடைகளின் அற்பச் சண்டைகள் அவன் போனில் ஒலிக்கத் தேவையில்லை. திறப்பை வாங்கிக்கொண்டு, “வாங்க, காட்டுறேன்” என்றான்.

“நான் வரமாட்டன்” என்றாள் அவள். மறுபடி மீனுக்கு முன் குந்திக்கொண்டாள்.

ஸ்டோரின் உள்ளே வெயிலுக்குப் பிறகு கண் இருண்டது. சாக்குகள் கூரை வரை அடுக்கியிருக்க, இடைவழியில் உப்பும் செதிலும் செருப்புக்கடியில் நெறுநெறுத்தன. தகரக் கூரையைக் காற்று உயர்த்தி உயர்த்தி விட்டது. எங்கோ தளர்ந்த ஆணி ஒன்று கிறீச்சிட்டது. கருவாட்டு வாடைக்கு அடியில் வேறொரு மெல்லிய மணம், ஆஸ்பத்திரி வார்டில் இனிப்பும் புளிப்புமாக வருமே, அது, அலுவலகத்துக்காக மறைத்திருந்த பலகைச் சுவரை நெருங்க நெருங்கக் கனத்தது. அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது. விசைப்பலகையின் நீளமான விசையை யாரோ பெருவிரலால் ஒரு தடவை அழுத்தும் சத்தம்.

நின்றான். காது கொடுத்தான். கூரைதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

அறையில் ஒருவரும் இல்லை. மேசை, கதிரை, சுவரில் சென்ற வருடக் கலண்டர், கணினித் திரையின் நீல வெளிச்சம். மேசை முழுவதும் மூன்று கிழமைத் தூசு படிந்திருந்தது. மவுஸில் தூசில்லை. விசைப்பலகையில் நீள விசையின் நடுவில் மட்டும் பெருவிரல் அகலத்துக்குச் சுத்தமாக இருந்தது.

திரையில் அம்புக்குறி அசைந்தது. ஓர் அங்குலம் இடப்பக்கம். நின்றது. ஓர் அங்குலம் வலப்பக்கம்.

அவன் எதிர்பார்த்து வந்த கருவி இதுதான். மவுஸைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தான். மேசைக்கடியில் குனிந்து பார்த்தான். கணினியின் பின்புறம் விரல்களால் தடவிப் பார்த்தான். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. மவுஸின் வயரைக் கழற்றினான். அம்புக்குறி ஓர் அங்குலம் இடப்பக்கம் போனது.

நின்றபடியே பதிவைத் திறந்தான். கதிரையில் உட்கார அவனுக்கு மனம் வரவில்லை. காரணத்தையும் அவன் தேடவில்லை. விசை அழுத்தங்கள் வரிசையாக வந்தன. வியாழக்கிழமையிலிருந்து எழுத்து ஒன்றுகூட இல்லை, நீள விசையின் வெற்றிடம் மட்டும். ஒரு நிமிடம் ஐம்பது வினாடிக்கு ஒரு தடவை, மணி அடிப்பதற்குச் சரியாகப் பத்து வினாடி முன்பு, ஒரு வெற்றிடம். இன்னும் பின்னால் உருட்டினான். அவள் செத்த நாளுக்குப் போனான். பகல் பன்னிரண்டு நாற்பது. அதிலிருந்து அதே வெற்றிடம், அதே இடைவெளி, ஐந்தரை வரை.

அறிக்கையை அவன் விளம்பரத்துக்கு எடுத்திருந்தான். பதிவைத் திறந்து பார்க்கவில்லை.

போதும் என்று நினைத்தான். அழித்துவிட்டு ஹாஜியாரிடம் வைரஸ் என்று சொல்லலாம். அந்த மனிதர் நம்புவார், அவர் எதையும் நம்புவார். கடவுச்சொல்லை அடித்தான். திரையில் ஒரு பெட்டி வந்தது. ‘ஊழியர் பணியில் இருக்கும்போது நீக்க முடியாது.’

அப்படியொரு வாசகத்தை அவன் மென்பொருளில் எழுதியதே இல்லை.

குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடித்து இழுத்தான். திரை கறுத்தது. மின்விசிறி நின்றுபோனது போல ஒரு பெரும் அமைதி இறங்கியது. காற்றுகூட ஒரு கணம் ஓய்ந்திருந்தது. வெளியே றோசலின் பாயை உதறும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ரிஷாத் பிளக்கைக் கையில் பிடித்தபடி சிரித்தான். மலிவுச் சரக்கு. மலிவான மனிதர்களுக்கு மலிவுச் சரக்கு.

நெற்றியைத் துடைத்தான். மேசையில் கிடந்த பேனையை எடுத்து, இன்னும் சிரித்தபடியே சட்டைப்பையில் செருகினான்.

மணி அடித்தது.

அலறல் பலகைச் சுவரில் மோதித் திரும்பியது. அவன் பிளக்கை நழுவவிட்டான். திரை கறுப்பாகத்தான் இருந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்தான். கண்மணியிலிருந்து ஒரு படம்.

இதே அறை. வெறுங் கதிரை. பக்கத்தில் கையில் பிளக்குடன் அவன், சிரித்தபடி. கீழே ஒரு வரி. பணியில் இருப்பவர்: ரிஷாத். சும்மா இருந்த நேரம்: இரண்டு நிமிடம்.

அவன் போனை நூர்த்தான். திரும்பினான். நடந்தான். ஓடவில்லை, ஓடினால் ஏதோ ஒன்று உண்மையாகிவிடும் என்றிருந்தது. சாக்குகளுக்கிடையில் நடந்தான். வாசல் திறந்தே கிடந்தது. வெயில் தெரிந்தது. மணலில் குந்தியிருந்த றோசலினின் முதுகு தெரிந்தது. அவளுடைய கை ஒரு மீனைப் புரட்டிப்போட்டது. இன்னும் பத்து அடி.

மணி.

நூர்த்த போன் கையில் ஒளிர்ந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான்.

அறையின் உள்ளிருந்து எடுத்த படம். பலகைச் சுவரின் வாசல் வழியாகத் தூரத்தில் அவன் நிற்கிறான். முகம் வெளிப்பக்கம். வலது கை மட்டும் பின்னால் நீண்டிருக்கிறது. தோள் மட்டத்துக்கு உயர்ந்து, நேராக, கதிரையை நோக்கி. மணிக்கட்டை யாரோ பிடித்து இழுப்பது போல.

அவன் தன் வலது கையைப் பார்த்தான்.

நீண்டிருந்தது.

“றோசலின்” என்று கூப்பிட்டான். காற்று அதை வாயிலிருந்தே எடுத்துக்கொண்டு போனது. அவள் திரும்பவில்லை. அவன் கால்கள் திரும்பின. உப்பு நெறுநெறுத்தது. ஓர் அடி. இன்னோர் அடி. பிடி இறுகவில்லை, முரடாக இல்லை. தெரியாதவனைக் கூட்டிப்போய் வேலையில் இருத்துகிற பிடி.

கதிரை.

உட்கார்ந்தான்.

ஆசனம் சூடாக இருந்தது. மவுஸும் சூடாக இருந்தது. அதன் மேல் அவன் கை படிந்ததும், கைக்கு மேல் ஒரு பாரம் படிந்தது. மெல்லிய, ஈரமான, களைத்த பாரம். பெருவிரல் நீள விசையைத் தொட்டது. அழுத்தியது. மணி நின்றது.

பிளக் தரையில் கிடந்தது. திரை ஒளிர்ந்தது.

திரையில் அவன் முகம். கெமரா அவனைக் காட்டிக்கொண்டிருந்தது. வாய் சற்றுத் திறந்து, கண் விரிந்து. கண்ணை மேசைக்கு இறக்கினான். தூசு. விசைப்பலகை. அவன் கைகள். வேறொன்றுமில்லை. திரையைப் பார்த்தான்.

திரையில், அவன் கைகளுக்குப் பக்கத்தில், மேசையில் ஒரு தலை.

கன்னத்தை மேசையில் வைத்து, வேலை முடித்த மனுஷி கண்ணயர்வது போல, அவள் படுத்திருந்தாள். நரை கலந்த கூந்தல் அவிழ்ந்து அவன் மணிக்கட்டின் மேல் கிடந்தது. முகத்தில் நிம்மதி இருந்தது. மேசையோடு அமுங்கிய கண் மூடியிருந்தது.

மற்றக் கண் மூடவில்லை. அது அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே வெயில் மஞ்சளானது. வாசலில் செருப்புச் சத்தம் வந்தது. சாக்குகளுக்கு அப்பால் நின்றது.

“தம்பி? இன்னும் முடியேல்லையோ?”

அவன் வாயைத் திறந்தான். விரல்கள் ஓய்ந்தன.

திரையில் அந்தக் கண் விரல்களை விட்டு மெல்ல, மிக மெல்ல, அவன் முகத்துக்கு உயர்ந்தது.

வாயை மூடினான். விசையை அழுத்தினான். அழுத்தினான். அழுத்தினான்.

“ஓ, வேலையோ. செய்யுங்கோ, செய்யுங்கோ” என்றாள் றோசலின். செருப்புச் சத்தம் மணலுக்குள் இறங்கிப் போனது.

மணிக்கட்டில் ஈரக் கூந்தலின் கனம் இப்போது நன்றாகவே தெரிந்தது. கண் மறுபடி அவன் விரல்களுக்கு இறங்கியது. இமைக்கவில்லை.